வீல் அலைன்மெண்ட் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்டைப் போடுவதற்கு முன்னால் முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டான டை ராட் எண்டை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆறே மாதத்தில் என் காருக்கு மூன்று முறை அலைன்மெண்ட் போட்டேன். ஒவ்வொரு முறையும் திரையில் எல்லாம் பச்சை. பத்து நாளில் ஸ்டீயரிங் மறுபடி கோணலாகிவிடும், வண்டி அலையும். புது டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது. கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் ஜாக்கி போட்டு, சக்கரத்தை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து அசைத்தார். டக் டக்கென்று ஆடியது. குனிந்து பார்த்தால், டை ராட் எண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் காய்ந்து கிடந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. இப்போதைய கார்களில் பெரும்பாலும் கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது; கம்பெனியில் வைத்த கிரீஸோடு சரி. பூட் கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் புகுந்து, உள்ளே இருக்கும் குண்டு தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தோடு, சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோவை செட் செய்தால், கடையில் காட்டிய அளவு ரோட்டில் நிற்குமா? டயர் போனால் போகட்டும். தேய்ந்த குண்டு ஓடும்போது கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. அந்த வண்டியில்தான் குழந்தைகளோடு கொடைக்கானல் மலை இறங்கினேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

‘அலைன்மெண்ட் மட்டும் போடுங்க, வேற எதையும் தொடாதீங்க’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் எங்களில் நிறையப் பேர் என்பதும் உண்மை. பார்ட்ஸ் தலையில் கட்டுகிறார்கள் என்ற பயம் எங்களுக்கு. அதனால் வாயால் சொல்லாமல் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டட்டும். எங்கள் விரலை ஜாயிண்ட் மேல் வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் விரலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் யார் மறுக்கப் போகிறார்கள்? டை ராடின் உள்முனையான ரேக் எண்ட் பக்கத்து ரப்பரையும் அப்படியே பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும், செட் செய்த அளவு நகராமல் பூட்டும் செக் நட்டை இறுக்கியாகிவிட்டதா என்று இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஆட்டம் இருந்தால், அதை மாற்றும்வரை அலைன்மெண்ட் போட முடியாது என்று திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொண்டு போகிறவரும் டை ராட் எண்ட் மாற்றிய கையோடு அலைன்மெண்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். சோதனைக்குத் தனியாகக் காசு கேட்டாலும் நான் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்