பயிர் அறுப்பவர் வீட்டில் பசி

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களின் உணவுப் பற்றாக்குறைக்கு வறுமை மட்டுமன்றி அச்சமும் காரணம். அந்நாட்டு வேளாண் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாடு முழுவதும் 13.5 சதவீதக் குடும்பங்கள் போதிய உணவின்றித் திண்டாடின. அக்கணக்கு ‘ஹிஸ்பானியர்’ எனக் குறிப்பிடும் லத்தீனோ குடும்பங்களிலோ அது 21.9 சதவீதம். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் நாளெல்லாம் குனிந்து லெட்யூஸ் கீரை அறுக்கும் தொழிலாளர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரிடம் குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் ‘ஸ்னாப்’ என்ற அரசு உணவு உதவி பெறச் சட்டப்படி உரிமை உண்டு. ஆயினும், விண்ணப்பத்தில் எழுதும் முகவரி குடியேற்ற அதிகாரிகளின் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, பலர் அலுவலகத்தின் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அரசு உதவி பெறுவோருக்கு நிரந்தர வசிப்புரிமையை மறுக்க இடமளித்த 2019ஆம் ஆண்டு விதி 2021இல் கைவிடப்பட்ட பின்னும் அந்த அச்சம் அகலவில்லை. (அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் பெறும் உதவிக்கு அந்த விதி பொருந்தவில்லை என்பதையாவது யார் எடுத்துச் சொன்னார்கள்?) பள்ளி மதிய உணவுக்குக் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை, ஆனால் கோடை விடுமுறையில் அந்தத் தட்டும் பலருக்கு எட்டுவதில்லை.

இந்நிலையில், பசி பற்றிய ஆண்டறிக்கையையே நிறுத்துவதாக 2025 செப்டம்பரில் வேளாண் துறை அறிவித்தது. அமெரிக்கக் குடியேற்றச் செய்திகளை விரிவாக வெளியிடும் தங்கள் நாளிதழ், இதையும் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்