மாப்ளே, அந்த 'மோமோ'வை எடுத்துவிடு

அன்புள்ள மாப்ளே,

பசிபிக் தீவு மொழிகளின் உறவுச் சொற்களை நம் சொற்களோடு ஒப்பிட்டு நீ எழுதிய கட்டுரை வந்து இருபது நாள் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெரியவருக்கு இருமல் நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். முதல் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. பெண்ணுக்குச் சமோவாவில் ஃபஃபினே, டோங்காவில் ஃபெஃபினே, நியூசிலாந்தின் மாவோரியிலும் ஹவாயிலும் வஹினே, பாப்புவா நியூகினியின் மோட்டு மொழியில் ஹஹினே. பட்டியல் சரிதான். ஆனால் 'கேட்டாலே ஒன்றுபோல் இருக்கிறது' என்று முடித்துவிட்டாயே, அது போதாது. வீடு சமோவாவில் ஃபலே, ஹவாயில் ஹலே. அதாவது பழைய ஃப ஹவாயில் ஹ ஆகும். அந்தக் கணக்கில் அங்கே பெண் 'ஹஹினே' ஆகியிருக்க வேண்டாமா? வ எங்கிருந்து வந்தது? விறகைக் கேள், சொல்லும். சமோவாவில் ஃபஃபியே, ஹவாயில் வஹியே. 'வெளியே' என்பது ஃபஃபோ, வஹோ. அடுத்தடுத்த இரண்டு அசையில் ஃப வந்தால் முதலாவது வ ஆகிவிடுகிறது. டோங்காவின் எகரத்துக்கும் விறகே சாட்சி: அங்கே அது ஃபெஃபியே. பெண்ணும் விறகும் வெளியும் ஒரே மாதிரி மாறுவதால்தான் அது விதி. இந்த மூன்று வரியைச் சேர்த்துவிடு.

ஹினா என்ற தெய்வப்பெயரை அதே வரிசையில் சேர்த்திருப்பது தவறு. சமோவாவில் அவள் பெயர் சினா. வெண்மை, நரை என்ற பொருள். அங்கே ச தனி, ஃப தனி. கிழக்கே ஹவாய்க்குப் போனபின் இரண்டுமே ஹ ஆனதால்தான் ஹினாவும் வஹினேயின் வாலும் உறவுபோலத் தெரிகின்றன.

அட்டவணையில் ஒரு பத்தி குறைகிறது: பேசுவது ஆணா, பெண்ணா? மாவோரியில் 'துவாகனா' என்றால் அண்ணன் என்று போட்டிருக்கிறாய். தம்பி சொன்னால் அண்ணன். தங்கை சொன்னால் அது அக்கா! தன் பாலில் மூத்தவர் துவாகனா, இளையவர் தெய்னா. ஆண் தன் சகோதரியைச் சொல்வது துவாஹினே. பெண் தன் சகோதரனைச் சொல்வது துங்ஙானே. இந்த இரண்டிலும் மூத்தவர் இளையவர் கணக்கே இல்லை. துவாஹினேயைப் பிரித்துப் பார், உள்ளே நம் 'பெண்' உட்கார்ந்திருக்கிறாள்; சமோவாவில் துவாஃபஃபினே என்று முழுசாகவே தெரிகிறாள். கேட்டு எழுதுகிறவர்கள் பேசியவர் யார் என்பதைக் குறிக்காமல் விட்டால் பட்டியல் முழுக்கக் குழம்பிப்போகும். உனக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

இனி அந்த மூன்றாம் பக்கம். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஃபிஜியில் தாய்மாமன் 'மோமோ', அப்பா 'தம', ஆகவே மாமாவும் தமப்பனும் கப்பலேறிப் போனார்கள் என்கிறாய். மாப்ளே, வெட்டுகிற இடத்தைப் பார். தமப்பன் என்பது தம் + அப்பன். அவர்கள் சொல் த + அம. அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பிலிப்பைன்ஸின் தகாலோகில் அப்பா 'அமா', அம்மா 'இனா'. ஃபிஜியில் தம, தின. முன்னால் நிற்கும் த் பிறகு ஒட்டியது. ஒரே மாதிரி எழுத்து, வேறு வேறு மூட்டு. மோமோவோ குழந்தை வாயில் வரக்கூடிய சொல். ம, ப, த எல்லா ஊர்க் குழந்தைக்கும் முதலில் வரும்.

சொல்லை விட்டுவிட்டு முறையைப் பிடி, புதையல் அங்கேதான் இருக்கிறது. ஃபிஜியில் அப்பாவின் அண்ணன் 'தம லேவு', பெரிய அப்பா. தம்பி 'தம லைலை', சின்ன அப்பா. தாய்மாமன் மகனும் அத்தை மகனும் ஓர் ஆணுக்குத் 'தவலே'. மனைவியின் சகோதரனும் அதே தவலே. ஒருவரையொருவர் கிண்டலடிக்க உரிமை உள்ள முறை. நாம் சொந்தமில்லாமலே மாப்ளே போட்டுக்கொள்கிறோமே, அந்த இடம். மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் குறிப்பார்கள்: வுங்ஙோ. அது மட்டும் நம்மிடம் இல்லை.

இதே மொழிக்குடும்பத்து ஹவாயில் மகுவாஹினே என்றால் அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும்தான். மாமன் மகள் என்று தனிச்சொல் கிடையாது, அவளும் சகோதரியே. ஆக, ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்த இருவருக்கு முறை வேறு. ரத்த சம்பந்தமே இல்லாத ஃபிஜிக்கும் நமக்கும் முறை ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் கட்டும் வழக்கம் இருக்கும் இடத்தில் மாமன் மகனும் மனைவியின் சகோதரனும் ஒரே ஆளாகிவிடுவதால் இப்படி அமைகிறது. கப்பல் தேவையில்லை.

1871-இல் மானிடவியலாளர் மார்கன் தமிழ் முறையையும் அமெரிக்கப் பழங்குடியான செனெகா மக்களின் முறையையும் பக்கத்தில் வைத்து, செனெகா மக்கள் ஆசியாவிலிருந்து போனதற்கு இதுவே சான்று என்றார். ஃபிஜி, டோங்கா பட்டியல்களை அவருக்கு அனுப்பியவர் அங்கிருந்த பாதிரியார் லோரிமர் ஃபைசன். 1964-இல் மொழியியலாளர் லவுன்ஸ்பரி தமிழ் முறையும் செனெகா முறையும் வேறு என்று பிரித்துக் காட்டினார்: அப்பாவின் அத்தை மகன் நமக்கு மாமா, செனெகாவில் அவர் அப்பா வரிசை. முறை ஒத்திருந்தாலும் வம்சம் சொல்ல அது போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் எந்தை, நுந்தை, தந்தையைக் கொண்டுவா. ஃபிஜியிலும் தமங்கு என் அப்பா, தமமு உன் அப்பா, தமன அவன் அப்பா; யாருடைய அப்பா என்று ஒட்டாமல் அந்தச் சொல் பேச்சில் நிற்காது. நாம் முன்னால் ஒட்டினோம், அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள். 'தமங்கு' என்பதை 'தமகு' என்று தப்பாக எழுதியிருக்கிறாய். அவர்கள் எழுத்தில் 'கியூ' (q) வந்தால் 'ங்க்' என்று வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் பக்கத்தை மாற்றி அனுப்பு. அட்டவணையை நானே திருத்தித் தருகிறேன், மாவோரிப் பத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உன்
மாப்ளே