நண்பனுக்கு: உன் கணினியின் நினைவகம் நிறைந்துவிடவில்லை

கோத்தகிரி,
ஐப்பசி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடியில் உங்கள் கூடலூரில் கொட்டித் தீர்த்த மழை, இப்போது வடகிழக்குப் பருவக்காற்றோடு எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்று நாட்களாகக் கொழுந்து பறிக்க ஆள் இறங்கவில்லை. வீட்டில் அனைவரும் நலம். உன் கணினியைப் பற்றி நிதானமாக எழுத எனக்கும் நேரம் வாய்த்திருக்கிறது.

எட்டு ஜிபி நினைவகத்தில் ‘ஃப்ரீ’ என்று 96 எம்பி மட்டுமே காட்டுவதாகவும், அதைப் பார்த்த கடைக்காரர் உடனே இன்னொரு ராம் வாங்கிப் போடச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். பணம் கொடுத்துவிடாதே. நினைவகம் எதற்கெல்லாம் போகிறது என்று காட்டும் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைப் பார்த்து நீ குறித்தனுப்பிய எண்களைக் கூட்டிப் பார்த்தேன். பச்சைப் பட்டையில் ‘இன் யூஸ்’ 4,300, ஆரஞ்சு நிறத்தில் ‘மாடிஃபைடு’ (மாற்றப்பட்டு, இன்னும் வட்டில் எழுதப்படாதது) 60, அடர்நீலத்தில் ‘ஸ்டாண்ட்பை’ 3,340, வெளிர்நீலத்தில் ‘ஃப்ரீ’ 96. மீதி 396 எம்பி வன்பொருளுக்கென ஒதுக்கப்பட்டது; எல்லாம் சேர்ந்து சரியாக 8,192 வருகிறது.

நீ கவனிக்காமல் விட்டது அந்த அடர்நீலப் பட்டையைத்தான். வட்டிலிருந்து ஒருமுறை படித்தவற்றை, மறுபடி கேட்கப்படலாம் என்பதற்காக விண்டோஸ் அங்கே வைத்திருக்கிறது. அவற்றின் பிரதி வட்டிலும் இருப்பதால், வேறொரு நிரல் இடம் கேட்டால் எதையும் எழுதி வைக்க வேண்டிய அவசியமின்றி அந்த இடத்தை அக்கணமே கொடுத்துவிடலாம். ஆகவே ஸ்டாண்ட்பையையும் ஃப்ரீயையும் கூட்டி வரும் ‘அவைலபிள்’, அதாவது உன் கணினியில் 3,436 எம்பி, அதுவே நீ பார்க்க வேண்டிய எண். லினக்ஸிலும் இதே குழப்பம் நெடுநாள் இருந்தது. 2014இல் வந்த 3.14 கெர்னலில்தான் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) ‘அவைலபிள்’ கணக்கைத் தனியாகக் காட்டத் தொடங்கினார்கள்.

நேற்று மின்சாரம் போய் வந்தபின் இதை நானே சோதித்தேன். கொழுந்து எடைக் கணக்குக் கோப்பு முதல்முறை திறக்கப் பதினான்கு விநாடி ஆயிற்று. மூடிவிட்டு மறுபடி திறந்தபோது மூன்றே விநாடி. மூடியிருந்த அந்த இடைவேளையில் அடர்நீலப் பட்டை சுருங்கவே இல்லை. கோப்பும் நிரலும் அங்கேதான் காத்திருந்தன.

இன்னொன்று. ஒவ்வொரு நிரலும் அப்போது ராமில் பிடித்திருக்கும் அளவைச் சொல்லும் ‘வொர்க்கிங் செட்’ எண்களை எல்லாம் கூட்டினால் மொத்த ராமையும் தாண்டுகிறதே என்று கேட்டிருந்தாய். பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி ஒவ்வொன்றின் கணக்கிலும் மீண்டும் மீண்டும் எண்ணப்படுவதால் அப்படி ஆகிறது. ஒரு நிரல் தனக்கென்று எவ்வளவு வைத்திருக்கிறது என்பதை ‘பிரைவேட்’ என்ற பத்தி சொல்லும். குரோமில் பல பக்கங்களைத் திறந்து வைப்பவன் நீ. அந்தப் பத்தியைப் பார்த்தாலே உண்மை விளங்கும். ‘கமிட்’ என்பது நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் வாக்களித்த அளவு; அதன் உச்சவரம்பு, ராமும், ராமிலிருந்து வெளியேற்றப்படுவதை வைக்க வட்டிலுள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்தது.

உண்மையான தட்டுப்பாடு வந்தால் அதன் அடையாளங்கள் வேறு. அவைலபிள் சில நூறு எம்பிக்கு இறங்கி அங்கேயே நிற்கும். நிரல் கேட்டது ராமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுக்க நேர்வதை எண்ணும் ‘ஹார்டு ஃபால்ட்ஸ்’ வரைபடம் நிமிடக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் வட்டு ஓயாமல் ஓடும். ஒரு நிரலை முதலில் திறக்கும்போது மட்டும் அந்த வரைபடம் எழும்பி அடங்குவது இயல்பு, அதற்காகக் கவலைப்படாதே.

உன் கணினி மந்தமாகும் நேரத்தில், எதையும் மூடுவதற்கு முன்பு, அவைலபிள், ஹார்டு ஃபால்ட்ஸ், கமிட் மூன்றையும் குறித்து எனக்கு எழுது. அவற்றைப் பார்த்தபின் ராம் வாங்குவதா வேண்டாமா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்