செயலாளரின் ஆண்டறிக்கை – 2024
(எமது முதியோர் இல்லத்தின் துப்புரவும் பராமரிப்பும் கணினிக்கு வந்த ஆண்டு)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, எமது இல்லத்து ஐயாமாரே, அம்மாமாரே, பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடந்த ஆண்டில் எம்மை விட்டுப் பிரிந்த இல்லத்தவர்களையும் சங்க உறுப்பினர்களையும் முதலில் நினைவுகூருகிறேன். அவர்களுக்காக நாம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம்.

நிர்வாக சபை மாதந்தோறும் தவறாமல் கூடியது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரி, நத்தார் எல்லாம் வழமைபோல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே விடயத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன். இல்லத்தின் துப்புரவு வேலைகளையும் திருத்த வேலைகளையும் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றியதே அந்த விடயம்.

இதை ஏன் தொடங்கினோம் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 2023 இறுதி மழைக்காலத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கைகழுவும் தொட்டியின் கீழ்க் குழாய் ஒழுகி, தரையில் எந்நேரமும் ஈரம் இருந்திருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்தது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வைத்தியசாலையில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் கோபப்படவில்லை. "பிள்ளை, நான் மூன்று பேரிட்டச் சொன்னனான்" என்றார். காலையில் கூட்ட வந்த தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். இரவுப் பணியாளரிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னார். "பார்க்கச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். காலி வீதிக்கு வந்து பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டேன்.

முறைப்பாட்டுக் கொப்பி ஒன்று அப்போதும் இருந்தது. பிறகு அதைப் புரட்டிப் பார்த்தோம். "குழாய் பழுது" என்று ஒரு வரி இருந்தது. எந்த அறை, எந்த நாள், யார் சொன்னது, யார் பார்த்தது, ஒன்றும் இல்லை. தமிழும் சிங்களமும் கலந்து பல கையெழுத்துகளில் பக்கம் பக்கமாக இப்படித்தான் கிடந்தது. யாரும் வேண்டுமென்று கவனிக்காமல் விடவில்லை. சொன்ன சொல் போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

2024 தொடக்கத்தில் ஒரு நிறுவனத்திடம் மென்பொருள் ஒன்று வாங்கினோம். அது ஹோட்டல்களுக்கென்று செய்யப்பட்டது. திரை முழுக்க ஆங்கிலம். ஆனால் மொழியைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஹோட்டலில் விருந்தினர் அறையை விட்டுப் போனதும் துப்புரவு தொடங்கும். எங்கள் இல்லத்தில் அறை ஒருநாளும் காலியாவதில்லை. ஒருவர் அதில் தேவாரம் படித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் இரவெல்லாம் இருமிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். "அறை 14, காலை 9 மணி" என்று கணினி சொல்வதற்காக அவரை எழுப்ப முடியுமா? மூன்று மாதத்தில் அதைக் கைவிட்டோம். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அந்தத் தீர்மானத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவன் என்ற முறையில் அதன் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அடுத்ததாக, கட்டடப் பராமரிப்புக்கான ஓப்பன்மெயின்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களையும் (எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை) பார்த்தோம். பெரிய கட்டடத் தொகுதிகளுக்கு அவை நன்றாகவே பயன்படும். ஆனால் அதற்கென ஒரு சேர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. கடைசியில் எமது உறுப்பினர் ஒருவரின் மகள், கணினித்துறையில் படிப்பவர், கூகுளின் இலவசப் படிவத்தையும் விரிதாளையும் கொண்டு எங்களுக்கு வேண்டியதைச் செய்து தந்தார். மூன்று வார இறுதிகள் இல்லத்திலேயே உட்கார்ந்து, பணியாளர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அவருக்குச் சங்கம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த முறையில் மூன்றே மூன்று பகுதிகள்தான். இல்லத்தில் உள்ள பொருட்களின் பட்டியல், பழுது ஏற்பட்டால் போடும் வேலைச்சீட்டு, பழுது ஏற்படாமல் இருக்கக் குறித்த நாளில் செய்ய வேண்டியவற்றின் அட்டவணை.

பட்டியல் போடும் வேலைதான் அதிக நாள் இழுத்தது. கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி, மின்விசிறி, பம்ப், தாங்கி, லிஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்தோம். பழைய பொருட்பட்டியல் ஒன்று கணினியில் இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். திறந்து பார்த்தால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. புதிய இடத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழுந்தது. கொழும்பில் எத்தனை சங்கங்களின் பதிவேடுகள் இப்படிப் பாமினியில் அடைபட்டுக் கிடக்கின்றனவோ தெரியாது. அவற்றை எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் யுனிகோடு முறைக்கு மாற்றி வைக்கும்படி இங்கே வந்திருக்கும் மற்றச் சங்கத்தவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றாவிட்டால் தேடினாலும் ஒன்றும் அகப்படாது.

ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் ஒரு கியூஆர் சதுரம் ஒட்டியிருக்கிறோம். இதைப் பணியாளர்களுக்குப் படிப்பிக்க நாள் எடுக்கும் என்று பயந்தேன். தேவையே இருக்கவில்லை. 2022இல் கியூஆர் காட்டி எரிபொருள் வாங்க வரிசையில் நின்ற எவருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லையே! கைத்தொலைபேசியை அதன்மேல் பிடித்தால் அறை இலக்கம் தானாகவே விழும். பிறகு படத்தைத் தொட வேண்டும்: குழாய், மின்குமிழ், கட்டில், கதவு, மலசலகூடம். வாசிக்கத் தெரியாத ஓர் அக்காவும் எங்களிடம் வேலை செய்கிறார். அவருக்காகவே படங்களை வைத்தோம். இப்போது எல்லோரும் படங்களைத்தான் தொடுகிறார்கள். எழுத வேண்டியிருந்தால் தமிழிலோ சிங்களத்திலோ வாயால் சொன்னால் தொலைபேசி எழுதிக்கொள்கிறது.

வேலைச்சீட்டு விடயத்தில் நிர்வாக சபை ஒரு விதி வகுத்தது. இந்த ஆண்டில் நாம் செய்தவற்றுள் மிக நல்லது இதுதான் என்பது என் கருத்து. திருத்த வந்த பாஸோ (திருத்த வேலை செய்பவர்) மேற்பார்வையாளரோ சீட்டை மூட முடியாது. முதலில் முறையிட்ட ஐயாவிடமோ அம்மாவிடமோ போய், "சரியாகிவிட்டதா?" என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மூடலாம். முதல் மாதங்களில் இது பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது. குழாய்க்கு வாசர் போட்டாயிற்று, ஆனால் கைநடுக்கம் உள்ள ஐயாவால் அதைத் திருக முடியவில்லை. மின்குமிழ் மாற்றியாயிற்று, ஆனால் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது. வேலை முடிந்தது என்று பாஸ் நினைப்பதற்கும், முடிந்தது என்று அறையில் இருப்பவர் நினைப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டோம். திருகும் குழாய்களுக்குப் பதிலாக நெம்புபிடிக் குழாய்களை மாடிக்கு மாடி மாற்றி வருவது இந்தச் சீட்டுகளின் பலன்தான்.

அட்டவணையில் முதலில் வைத்தது தண்ணீர். வெள்ளவத்தையில் டெங்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. நுளம்பு முட்டையிட்டு, அது வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, தாங்கி மூடி எல்லாம் பார்க்கப்படுகின்றன. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். "தேய்த்தாயிற்றா?" என்று தனிக் கேள்வியே வைத்திருக்கிறோம்.

துப்புரவிலும் மாற்றம் உண்டு. மலசலகூடத்துக்குச் சிவப்புத் துணி, அறைக்கு நீலத் துணி, குசினிக்குப் பச்சைத் துணி. அழுக்குக் குறைந்த இடத்தில் தொடங்கி அழுக்குக் கூடிய இடத்தில் முடிக்க வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும். குளோரின் கரைசல் முன்பு ஆளுக்கு ஓர் அளவில் கலக்கப்பட்டது. சிலர் ஊற்றியதில் அம்மாமாருக்குக் கண் எரிந்தது. இப்போது 5 சதவீதக் கரைசலில் 20 மில்லிலீற்றர் எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லீற்றராக்க வேண்டும் என்று படத்துடன் திரையில் வருகிறது. அன்றன்று கலக்க வேண்டும், வைத்திருந்தால் வலு குறையும். முதலில் சவர்க்காரத்தால் கழுவிய பிறகே அதைப் பூச வேண்டும்.

ஜெனரேற்றர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், எங்கள் ஜெனரேற்றர் முதல்நாளே இயங்க மறுத்தது. பற்றரி செத்துப்போயிருந்தது. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க அயல்வீடுகளில் ஐஸ் கேட்டு ஓடினோம். இப்போது திங்கட்கிழமைதோறும் பத்து நிமிடமும், மாதம் ஒருமுறை லிஃப்டையும் பம்பையும் இணைத்து அரை மணி நேரமும் ஓட்டும்படி அட்டவணை நினைவூட்டுகிறது. அறிக்கை ஆண்டுக்கு வெளியே என்றாலும் இதைக் குறிப்பிடத்தான் வேண்டும்: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதல்லவா? அன்று எங்கள் ஜெனரேற்றர் உடனே இயங்கியது. இன்சுலின் பெட்டி அசையவில்லை. மின்சாரமும் இணையமும் இல்லாமல் போகும் நாளுக்காக, மறுநாள் வேலைப் பட்டியலை ஒவ்வொரு மாலையும் அச்சிட்டு அலுவலகச் சுவரில் தொங்கவிடுகிறோம். கணினி வந்த பிறகும் கடதாசியைக் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது.

நாங்கள் எதிர்பாராத ஒன்றையும் பதிவுகள் காட்டின. கடற்பக்க அறைகளின் சன்னல் கீல்கள், கொளுக்கிகள், கட்டில் சில்லுகள் ஆகியவை மறுபக்க அறைகளைவிட விரைவாகத் துருப்பிடித்துச் சீட்டுகளாக வந்துகொண்டே இருந்தன. உப்புக்காற்று என்று எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால் ஒரே பட்டியலில் வரிசையாகப் பார்த்தபோதுதான், அந்தப் பக்கத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கீல்களை வாங்குவதே மலிவு என்று சபை முடிவெடுத்தது.

பிழைத்துப்போன இடத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் புதிய முறை தொடங்கிய மூன்றாம் மாதம் விரிதாளைப் பார்த்தபோது, ஒரு பணியாளரின் நாள்வேலை முழுவதும் மாலை ஆறு மணியளவில் இரண்டு நிமிடத்துக்குள் "முடிந்தது" என்று குறிக்கப்பட்டிருந்தது. சபையில் சிலர் அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்றார்கள். நான் ஒருநாள் முழுக்க அவருடன் நடந்தேன். ஓர் அறையில் பத்துக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு அவர் பதில் தர வேண்டியிருந்தது. ஈரக் கையோடு, கையுறையோடு, எப்படித் தொலைபேசியைத் தொடுவது? வேலை நடந்திருந்தது, குறிக்கத்தான் நேரம் இல்லை. குற்றம் எங்கள் பட்டியலில் இருந்தது. கேள்விகளை மூன்றாகக் குறைத்தோம்.

இந்தப் பதிவுகள் தங்களை வேவு பார்க்கவா என்று பணியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இவற்றைக் கொண்டு யாருடைய சம்பளத்தையும் வெட்டுவதில்லை என்று ஓகஸ்ட் கூட்டத்தில் எழுத்தில் தீர்மானம் நிறைவேற்றினோம். இல்லத்தவர்களின் நோய் விபரம், பெயர், படம் எதுவும் வேலைச்சீட்டில் வரக்கூடாது, அறை இலக்கம் மட்டுமே வரலாம் என்பதும் அதே தீர்மானத்தில் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரங்களைத் தனிக் கவனத்துக்குரியவையாகவே வகைப்படுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஓர் அம்மா இரவில் படுக்கையை நனைத்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தியல்ல. "விரிப்பு மாற்று" என்று மட்டும் போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஐந்து பழைய கைத்தொலைபேசிகளை அன்பளிப்புச் செய்த உறுப்பினர்களுக்கும், வெயிலிலும் மழையிலும் தாங்கிக்கு ஏறும் பணியாளர்களுக்கும், எல்லா மாற்றங்களையும் பொறுமையோடு ஏற்ற மேட்ரன் அம்மாவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இந்த அறிக்கையை எழுதி முடிக்கும் இன்று எட்டுச் சீட்டுகள் திறந்திருக்கின்றன. அவற்றுள் பழையது முதலாம் மாடி லிஃப்ட் கதவு. உதிரிப்பாகம் வரும்வரை அங்கே ஒரு பணியாளரை நிறுத்தியிருக்கிறோம். இன்று காலை வந்தது இரண்டாம் மாடியிலிருந்து. இடுப்பு முறிந்த அதே அம்மா இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கிறார், தானே கியூஆரைப் பிடித்துச் சீட்டுப் போடவும் பழகிவிட்டார். குளியலறைக் கைபிடியின் ஓர் ஆணி ஆடுகிறதாம். பாஸ் இரண்டு மணிக்கு வருகிறார். கூட்டம் முடிந்ததும் நான் மேலே போய் அந்த அம்மாவிடம் கேட்பேன்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6