கதவு திறந்திருக்கிறது, வேலு

செபராங் ஜெயா, பினாங்கு
22.12.2022

அன்புள்ள வேலு,

உன் தீபாவளிக் கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது, கோபமாக இருப்பாய். இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது மறுபடியும் தானே ஊசியில் நூல் கோர்க்கிறாள். தண்டல் வீட்டு அக்கா உன்னைக் கேட்டார். மீசை வாத்தியார் மகன் பேத்தி எடுத்துவிட்டான். வாளிக் கதையை உன் பேரனுக்குச் சொன்னதாக எழுதியிருந்தாயே, தண்ணீருக்குள் விழுந்தது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். புதிய நாடாளுமன்றம் கூடியது. முதலில் பிரதமர் அன்வார், அப்புறம் துணைப் பிரதமர்கள், அமைச்சர்கள், பிறகு கும்பல் கும்பலாக மற்ற உறுப்பினர்கள் என்று எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே மார்கழித் திருப்பாவைக்குக் கோவிலுக்குப் போய் வந்தவன், பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை. ‘அப்படி என்னத்தைப் பார்க்கிறீர்கள்’ என்றாள் இவள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உனக்குச் சொன்னால் புரியும்.

1969ஐ நினைத்துப் பார். உனக்கும் எனக்கும் பதினெட்டு. ஓட்டுப் போட இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும் என்பதால் மே 10ஆம் தேதி நம் அப்பாக்கள் வரிசையில் நின்றதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். உன் அப்பா அந்த வரிசையிலும் இல்லை, அவர் சிவப்புக் கார்டு, குடியுரிமை இல்லாதவர். மூன்றே நாளில், மே 13, கோலாலம்பூரில் இனக் கலவரம், வெட்டுக்குத்து. 15ஆம் தேதி அவசரகாலம். நாடாளுமன்றத்தை நிறுத்தி வைத்தார்கள். 1971 பிப்ரவரியில்தான் மறுபடி கூடியது. வெளிநாட்டவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடைவெளியில்தான் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தது. உன் அப்பா இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டிய மனிதர். ‘இது நியாயமா’ என்று அவருக்காக எழுந்து கேட்க ஓர் எம்.பி. இல்லை. எம்.பி. எழுந்து நிற்க ஒரு மன்றமே திறந்திருக்கவில்லை. இந்தியாவுக்குப் போக ரஜூலா கப்பலில் நீ ஏறியபோது கையில் வைத்திருந்த தகரப்பெட்டியின் பூட்டு கெட்டுப்போய் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் நான். இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் அந்தக் கதவு திறந்து, ஆட்கள் உள்ளே போய், ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டு உட்கார்வதைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. பேரன் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறான். ஆமாம், நான் பழைய ஆள்தான். கோவில், குடும்பம், தமிழ்ப்பள்ளி, வாங்கிய கடனைத் திருப்பித் தருவது, கொடுத்த வாக்கில் நிற்பது, இவற்றை விட்டுவிட்டு வரும் எந்த முன்னேற்றமும் எனக்கு வேண்டாம். இந்த மன்றத்திடம் நான் பெரிய புரட்சி எதையும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் முறையாக உட்கார்ந்து, கணக்குப் பார்த்து, சண்டையை உள்ளேயே போட்டு முடிக்கட்டும். அதுவே எனக்குப் போதும்.

அங்கே செய்தி எவ்வளவு வந்தது என்று தெரியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் 19ஆம் தேதி தேர்தல். 222 இடத்தில் ஆட்சிக்கு 112 வேண்டும், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஐந்து நாள் நாட்டுக்குப் புதிய அரசாங்கம் இல்லை. மாமன்னர் எல்லாக் கட்சித் தலைவர்களையும் அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பேசி, 24ஆம் தேதி அன்வாரைப் பத்தாவது பிரதமர் ஆக்கினார். நேற்றுவரை ஒருவரையொருவர் திருடன் என்றும் துரோகி என்றும் ஏசிக்கொண்ட அன்வாரின் பக்காத்தான் கூட்டணியும், அறுபது வருஷம் ஆண்ட பாரிசான் கூட்டணியும் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். சபாநாயகர் தேர்தலில் அவர்கள் ஆளுக்கு 147 ஓட்டு, எதிராளிக்கு 74. நம்பிக்கைத் தீர்மானம் குரல் வாக்கிலேயே நிறைவேறிவிட்டது.

மனசுக்கு நிம்மதிதான். ஆனால் எத்தனை நாளைக்கு? 2018இல் அறுபது வருஷ ஆட்சியை மாற்றினோம், 2020 பிப்ரவரியில் ஆட்கள் தாவி அரசாங்கம் கவிழ்ந்தது. ஒரே தவணையில் மூன்று பிரதமர்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மூன்று தடவை மாற்றினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? இப்போது கட்சித்தாவல் தடைச்சட்டம் வந்திருக்கிறது. அக்டோபர் 5ஆம் தேதி அமலுக்கு வந்தது. தாவினால் பதவி போய்விடும், இருபத்தொரு நாளுக்குள் சபாநாயகர் முடிவு செய்ய வேண்டும். நல்ல சட்டம், மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் பதவி போகாது. ஒரு கட்சி மொத்தமாக இந்தக் கூட்டணியை விட்டு அந்தக் கூட்டணிக்குப் போனாலும் சட்டம் கை வைக்காது. வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைச் சாத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இதில் உன் அனுபவம் எனக்கு வேண்டும். உங்கள் ஊரில் 1985இலிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2017இல் எம்.எல்.ஏக்களைக் கூவத்தூரில் கொண்டுபோய் வைத்தார்கள், பிறகு பதினெட்டுப் பேரைத் தகுதி நீக்கினார்கள் என்று நீதான் கோபமாகப் பத்துப் பக்கம் எழுதினாய். சட்டம் வந்தபின் அங்கே மனிதர்கள் ஒழுங்கானார்களா, இல்லை தாவும் விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்களா? ஒளிக்காமல் எழுது.

பணக் கணக்கும் கவலைதான். அக்டோபர் 7ஆம் தேதி 372.3 பில்லியன் ரிங்கிட்டுக்கு பட்ஜெட் போட்டார்கள். 10ஆம் தேதி நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு வெள்ள காலத்தில் தேர்தலுக்குப் போனார்கள். இப்போது வருஷ ஆரம்பச் சம்பளம், செலவுக்கு 107.7 பில்லியன் மட்டும் அவசரமாக ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். மாசம் பிறக்கும் முன்னே அரிசிக்கும் கரண்டுக்கும் எடுத்து வைக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே வேண்டும்.

இந்தியர் முழு அமைச்சர் ஒருவர்தான், மனிதவளத்துக்கு சிவகுமார். மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வுக்குத் தாப்பா தொகுதி ஒன்றுதான் மிச்சம். சுங்கை சிப்புட்டில் தலைவரே தோற்றார். அவர்களின் பழைய தலைவர் சாமிவேலு செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். பேசினால் நாமிருவரும் மறுபடி சண்டை போடுவோம், விடு.

என் மனசை அரிப்பது வேறு. எங்கள் பெர்மாத்தாங் பாவ் தொகுதி 1982 முதல் நாற்பது வருஷம் அன்வார் குடும்பத்தின் கையில் இருந்தது. இந்த முறை அவர் மகள் நூருல் இசா தோற்றார். ஜெயித்தவர் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சிக்காரர். நாட்டிலேயே அதிக இடம் வைத்திருக்கும் தனிக்கட்சி இன்று பாஸ்தான். அவர்கள் கொடியின் நிறத்தை வைத்துப் பச்சை அலை என்கிறார்கள்.

வேலு, உனக்கு மட்டும் சொல்கிறேன், பாஸ்காரர்கள் பேசும் பாதி விஷயத்தில் எனக்கு உடன்பாடுதான். ஆற்றுக்கு அந்தப்புறம் கெடா மாநிலத்தில் லாட்டரி விற்கும் நம்பர் கடைகளுக்கு இனி லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்கிறது அவர்கள் அரசாங்கம். சம்பள நாளில் நம் தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று பார்த்தவன் அதை எப்படி எதிர்ப்பேன்? பிள்ளைகள் கடவுள் பயத்தோடு வளர வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பது எனக்கும் வேண்டியதுதான். ஆனால் அதே அரசாங்கம் 2021இல் தைப்பூச விடுமுறை கிடையாது என்றது. தன் சாமியை மதிக்கிறவன் அடுத்தவன் சாமியையும் மதிக்க வேண்டாமா? நம் தோட்டத்துக் கங்காணித் தாத்தா தொழுகை நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்வாரே, அதுதான் நான் கற்ற பழமை.

குடும்ப விஷயத்தில் இந்த மன்றம் ஒரு காரியம் செய்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஈப்போவில் ஒரு தாய், 2009இல் கணவன் இஸ்லாத்துக்கு மாறி, பிள்ளைகளையும் அவளுக்குத் தெரியாமல் மாற்றி, பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையை மதம் மாற்ற அப்பா அம்மா இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தத் தாய் இன்னும் மகளைப் பார்க்கவில்லை. இதைச் சட்டத்திலேயே எழுத 2017இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், அந்தப் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை நிறைவேற்றினார்கள். பிள்ளையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுதுவதற்கு எந்தக் கட்சிக்கு என்ன தயக்கம்? குடும்பம் குடும்பம் என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கை தூக்க வேண்டிய இடம் இது.

தேர்தல் முடிந்த வாரம் டிக்டாக்கில் மே 13ஐச் சொல்லி மிரட்டும் வீடியோக்கள் வந்தன, போலீஸ் எச்சரிக்க வேண்டியதாயிற்று. பேரன் ஒன்றைக் காட்டினான். அன்று மாலை நான் ஒருவரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசி வாங்கி வந்தேன். இவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவளும் 69ஐப் பார்த்தவள்தானே.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி, நாங்கள் மாக்சிக் என்போம், அவர் பேரனுக்குப் பத்தொன்பது வயது. என் பேரனுக்குப் பதினெட்டு. இரண்டு பேருக்கும் முதல் ஓட்டு. இப்போது பதிவு செய்யவே வேண்டாம், வயது வந்தால் பெயர் தானாக வந்துவிடும். இரண்டு பேரும் இடது ஆட்காட்டி விரலில் மையோடு எங்கள் வாசலில் நின்று விரலை ஒட்டி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் பாஸ் இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணிக்குப் போட்டான், இவன் பக்காத்தானுக்கு. அதன்பிறகு மாக்சிக் ஒரு வாரம் வேலிப்பக்கம் வரவில்லை. வெட்கமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் இவள் ஒரு தட்டு வடையோடு போனாள், தட்டு போனதுபோலவே நிறைந்து திரும்பி வந்தது, வாழைப்பழப் பெங்காட் இனிப்போடு.

திங்கட்கிழமை அந்தப் பையன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். எங்கள் தொகுதிக்காரர் உறுதிமொழி எடுத்தபோது, ‘அங்கிள், எங்கள் எம்.பி.’ என்றான். ‘எனக்கும் அவர்தான் எம்.பி.’ என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. நேற்று அந்த எம்.பி.க்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில் சாக்கடைக்கு மூடி இல்லை, மழை பெய்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடக்கின்றன. அதைத்தான் முதலில் எழுதினேன். இரண்டாவது பக்கத்தில் ஈப்போத் தாயைப் பற்றி எழுதி, நீங்களும் ஒரு தகப்பன் என்று முடித்தேன். அந்தப் பையன்தான் கணினியில் அடித்துக் கொடுத்தான். என் மலாயில் நான்கு பிழை திருத்தினான். இரண்டாம் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் அடிக்காமல் படித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தை அடித்து முடித்தான்.

நாளைக்கு இரண்டு கடிதத்தையும் சேர்த்துத் தபாலில் போடுகிறேன், உன்னுடையதையும் அவருடையதையும். யார் முதலில் பதில் போடுகிறீர்கள் என்று பார்க்கிறேன். தைப்பூசம் பிப்ரவரி 5. தண்ணீர்மலை முருகன் கோவிலில் உன் பேருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். உன் பேரனின் நட்சத்திரத்தையும் எழுது.

அன்புடன்,
ராசு

பி.கு: 1985 சட்டத்தைப் பற்றிக் கேட்டேனே, மறந்துவிடாதே. பிப்ரவரியில் மறுபடி கூடுகிறார்கள், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.