மூடியை வெளியே வைத்துத் திறந்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஈரலில் ஒரு பகுதியை எடுத்த அறுவை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு 12 நாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. ரத்தம் கொடுக்க ஓடி வந்த தம்பிகள், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத செவிலியர்கள், அறுவை செய்த மருத்துவர்கள், மருத்துவமனையில் இருந்த பத்து நாளும் எங்கள் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அத்தை, வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கோடி நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

இந்த மடலின் பெரும்பங்கு, வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளி வந்த அக்காவுக்கு.

குழாயெல்லாம் எடுத்து, 'இனி வாயால் சாப்பிடலாம்' என்று சொன்ன பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. தட்டு வரும், அப்படியே திரும்பிப் போகும். நான்கு இட்லி, சாம்பார், சட்னி எல்லாம் சூடாக, மூடி போட்டு வரும். கட்டிலருகே மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். அப்பா தலையைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவது வேளையும் தட்டு நிறையத் திரும்பியதை அந்த அக்கா கவனித்திருக்கிறார். மறுநாள் காலை அறைக்கு வெளியே, நடைபாதையிலேயே மூடியைத் திறந்தார். அதே மூடியால் இரண்டு தரம் விசிறி ஆவியைப் போக்கினார். பிறகு ஒரு சின்னத் தட்டில் அரை இட்லி மட்டும் வைத்து உள்ளே கொண்டுவந்தார்.

"சூட்டோட மூஞ்சிக்கு நேரா திறந்தா குமட்டத்தாம்மா செய்யும். தட்டு நிறையப் பாத்தாலே அவருக்கு வயிறு அடைச்சுக்கும். இதை முடிச்சாருன்னா முடிச்சோம்னு ஒரு தெம்பு வரும்."

அப்பா முடித்தார். பதினோரு மணிக்கு, வண்டி வராத நேரத்தில், அந்த அக்கா ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி தயிர்சாதத்தோடு வந்து நின்றார். சூடில்லை, தாளிப்பு இல்லை, வாசனையும் இல்லை. அதுவும் காலியானது. இதைச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் கைப்பழக்கத்தில் செய்ததற்கான காரணத்தை உணவியல் நிபுணர் பிறகு பொறுமையாக விளக்கினார். அவருக்கும் நன்றி. ஈரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு பசி மங்குவது இயல்பு. மயக்க மருந்தும் வலி மாத்திரையும் குமட்டலைத் தரும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தையும் கட்டும். மலம் போகாவிட்டால் பசி எட்டிப் பார்க்காது. ஈரலின் இடப்பக்கம் இரைப்பையை ஒட்டியே இருப்பதால், அந்தப் பக்கம் எடுத்தவர்களுக்கு இரைப்பை காலியாகும் வேகம் கொஞ்ச நாள் குறையலாம். நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்வது பிடிவாதம் இல்லை. "பசிக்கும்போது கொடுங்கள்" என்று காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் கடிகாரம் பார்த்து இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை, ஒரு நாளில் ஆறேழு தரம், சின்னக் கிண்ணத்தில். குமட்டல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே. தண்ணீர், மோர், ரசம் எதையும் சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராகக் குடித்தால் வயிற்றில் சோற்றுக்கு இடம் இருக்காது. அரை மணி முன்னே பின்னே தள்ளிக் கொடுப்பது நல்லது.

வாயில் இரும்புச் சுவை என்று அப்பா சொன்னதற்கும் வழி இருந்தது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, சாப்பாட்டுக்கு முன் கொப்பளித்துத் துப்ப வேண்டும். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி, பீங்கான் கிண்ணம். எலுமிச்சை சில துளி. அடுப்படியில் தாளிக்கும்போது அவர் அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

உறவினர்களிடம் ஒன்று மன்றாடிக் கேட்கிறோம். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அறுத்த பகுதி புதிதாக முளைப்பதில்லை. மீதி இருக்கும் ஈரல்தான் பருத்துப் பெருகி இடத்தை நிரப்புகிறது. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடக்கிறது. அதற்கும் தையல் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். அப்பாவுக்குச் சொன்ன கணக்கு, கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ உடம்புக்கு 72 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 அல்லது 7, சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20, வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 7. வெறும் கஞ்சியும் ரசமும் இந்தக் கணக்கை எட்டவே எட்டாது. (சிறுநீரகக் கோளாறோ வேறு சிக்கலோ இருப்பவர்களின் கணக்கை அவர்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.)

கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்த பெரியம்மாவின் மனசுக்கு நன்றி. மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் லேகியமும் கொடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போகும் எல்லா மருந்தையும் கையாள வேண்டியது இப்போது அந்தச் சிறுத்த ஈரல்தான்.

உப்பு விஷயத்திலும் எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நாள் முழுதும் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு அறவே கூடாது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் தேறிவிட்டார் என்று மகிழக்கூடாது, அது நீராக இருக்கலாம். காய்ச்சல், கண் மஞ்சள், நிற்காத வாந்தி, கறுத்த மலம், பேச்சில் குழப்பம், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

அக்கா, இனி எங்கள் வீட்டிலிருந்து எந்த நோயாளிக்கு டிபன் கேரியர் போனாலும், அது அறைக்கு வெளியேதான் திறக்கப்படும். கூடவே ஒரு சின்னக் கிண்ணமும் போகும். நீங்கள் அன்று தயிர்சாதம் கொண்டுவந்த கிண்ணம் எங்கள் பையோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவருகிறோம். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

பி.கு.: இரவுக் கஞ்சி பற்றிப் பலர் கேட்டீர்கள். ராத்திரி முழுக்க உடம்புக்குச் சர்க்கரை கொடுப்பது ஈரலின் சேமிப்பு. ஈரல் சிறுத்திருக்கும்போது அது சீக்கிரம் தீர்ந்து, உடம்பு தசையைக் கரைக்கத் தொடங்கும். அதனால் படுக்கும் முன் கடைசியாக ஒரு வேளை கட்டாயம். சத்துமாவு 2 மேசைக்கரண்டியை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு ஒரு டம்ளர் பால் சேர்த்துச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிண்டுங்கள். கொதிக்கும் பாலில் மாவை நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. ஆறவிட்டு, குடித்து அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருந்த பிறகே படுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வெல்லம் வேண்டாம்.