ஒன்பது கிலோவுக்கு என்ன பரிசு?

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. முதல் பத்தியைப் படித்ததும் நின்ற இடத்திலிருந்தே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். 78 கிலோவில் இருந்தவள் எட்டே மாதத்தில் 69க்கு வந்துவிட்டாய் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உன் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, விடுதியில் காலை மணி அடித்த பிறகும் போர்வையை விலக்காத உன்னை மூன்று ஆண்டுகள் பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்த எனக்கு நன்றாகத் தெரியும். நீ ஐந்தரை மணிக்கு எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, மழையிலும் குடையோடு நடந்தாய் என்பதை இரண்டு முறை படித்துக் கண் கலங்கினேன்.

உன் அண்ணன் மகள் கணக்குப் போட்டுப் பார்த்து, "இன்னும் அதிகம்தான், அத்தை" என்று சொன்னதாக வருத்தப்பட்டிருக்கிறாய். அவள் கணக்கில் பிழையில்லை. உன் 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு, எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு 32இலிருந்து ஏறத்தாழ 29க்கு இறங்கியிருக்கிறது, நம் நாட்டவருக்கு அது 23க்குள் இருப்பது நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், கலந்துகொண்டவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பதுதான். உணவை மாற்றி வாரம் 150 நிமிடம் நடந்த அந்தக் குழுவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. நீ 11 விழுக்காட்டுக்கு மேல் குறைத்திருக்கிறாய். ஆகவே அடுத்த இலக்கைப் பற்றி இப்போது யாரோடும் பேசாதே. முதலில் இதைக் கொண்டாட வேண்டும்.

எப்படிக் கொண்டாடுவது என்பதுதான் உன் கேள்வி. உன் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய் பஃபே சாப்பிடலாம் என்கிறார், மகள் தங்க மோதிரம் எடுக்கச் சொல்கிறாள், நீயோ எட்டு மாதமாகத் தொடாத மைசூர்பாவை அரைக் கிலோ வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறாய். இந்தக் கேள்விக்கு நான் ஒரு முறை தவறான விடையைத் தேடிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் துன்பப்பட்டேன். உனக்கு இதுவரை அதைச் சொன்னதில்லை.

2017இல் நான் 75 கிலோவிலிருந்து 67க்கு வந்தேன். அந்த எண்ணைப் பார்த்த அன்றே, இனிப்புக் கடை வாசலில் நின்று சுடச்சுட அல்வாவை இலையில் வாங்கிச் சாப்பிட்டேன். ஆறு மாதம் சர்க்கரை படாத நாக்கில் நெய்யும் இனிப்பும் பட்டபோது உடம்பே சிலிர்த்தது. அந்த நூறு கிராம் அல்வாவால் எனக்கு ஒரு கேடும் வரவில்லை என்று இப்போதும் உறுதியாகச் சொல்வேன். கேடு வந்தது மறுநாள் காலையில். இலக்கைத்தான் தொட்டாயிற்றே என்று அன்று நடக்கப் போகவில்லை. "இவ்வளவு பாடுபட்டதற்கு இதுகூட இல்லையா" என்ற ஒரே வாசகம் முதலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும், பிறகு மாலை பஜ்ஜிக்கும், பிறகு படுக்கும் முன் பால்கோவாவுக்கும் அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது. 2019இல் எடை பார்த்தபோது 77 இருந்தது, அதாவது தொடங்கிய இடத்தைவிட இரண்டு கிலோ கூடுதலாக. நான் எனக்குக் கொடுத்துக்கொண்டது பரிசே இல்லை, ஓய்வு பெறும் உத்தரவு என்பது அப்போதுதான் புரிந்தது.

இதில் மன உறுதிக்கு உள்ள பங்கைவிட உடம்புக்கு உள்ள பங்கு பெரிது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எடை குறைந்த உடம்புக்கு முன்பு தேவைப்பட்ட அளவு சோறு தேவைப்படாது, அதே வேளையில் பசியோ கூடிவிடும். கொழுப்புத் திசுவில் சுரக்கிற லெப்டின் என்ற இயக்குநீர் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்; கொழுப்பு கரையும்போது அதுவும் குறைந்துபோவதால், மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி உணவைத் தேடச் சொல்கிறது. இந்த நிலை எடை குறைந்து ஓர் ஆண்டுக்குப் பிறகும் நீடிப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆக, நாம் வெற்றி பெற்றுவிட்டோம் என்று பிடியைத் தளர்த்துகிற அதே வாரங்களில்தான் உடம்பு இழந்ததைத் திரும்பப் பெற முழு மூச்சாக முயல்கிறது. அந்த நேரத்தில் உணவையே பரிசாக வைத்தால் நாம் அதன் பக்கம் சேர்ந்துகொள்கிறோம். கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே கீரையைத் தண்டனையாக ஆக்கினோமே, அதைத்தான் இந்த வயதில் நமக்கும் செய்துகொள்கிறோம். எட்டு மாதமாக நீ சாப்பிட்ட சுண்டலும் அவரைக்காய்ப் பொரியலும் சிறைச் சாப்பாடு என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டால், நாளை அவற்றை எந்த மனத்தோடு தட்டில் போட்டுக்கொள்வாய்?

ஆனால் பரிசே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும், அதிலும் நம்மைப் போன்ற பெண்களுக்கு. நாம் இளைத்தால் நம் ஊரில் யார் பாராட்டுகிறார்கள்? சென்ற ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் மட்டும் ஏழு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன இப்படி இளைச்சுட்டே, சர்க்கரையா?" என்று கேட்டார்கள். சர்க்கரை வரக் கூடாது என்பதற்காகத்தான் இளைத்தேன் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துப்போனேன். நாம் செய்ததன் அருமையை நாமே அறிந்து மதித்தால்தான் உண்டு.

2023இல் மீண்டும் தொடங்கியபோது கிலோவுக்குப் பரிசு வைப்பதை விட்டுவிட்டு நாளுக்குப் பரிசு வைத்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று சுற்று நடந்து வந்தால், அன்று ஒரு 20 ரூபாய் நாணயம் தகர டப்பாவுக்குள் போகும். பன்னிரண்டு பக்கம் உள்ள அந்த நாணயம் டப்பாவில் விழும் ஓசை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நடந்து 50 நாள் ஆனால் 1,000 ரூபாய் சேரும், அதை எனக்கே செலவு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். எடை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு மாறாது. ஏனென்றால் எடை நம் கையில் முழுதாக இல்லை. ஒரு நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகச் சாப்பிட்டாலே உடம்பில் நீர் தங்கி மறுநாள் ஒரு கிலோ ஏறியதுபோல் காட்டும். நடப்பதும் நடக்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது.

இப்படி நினைத்ததற்கு நம் சென்னையிலேயே சான்று இருப்பதைப் பிறகு அறிந்து மகிழ்ந்தேன். மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது, உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் என்னை நெகிழ வைத்தது என்ன தெரியுமா? மாற்றிக்கொண்ட அந்தக் குழுவினரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. தராசு ஒன்றும் காட்டாத நாட்களிலும் அவர்களுடைய நடை வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

முதல் 1,000 ரூபாய் சேர்ந்த அன்று எரிவாயு உருளை வந்தது. அலமாரியில் சில்லறை தேட வேண்டியிருந்ததால் கை தானாக அந்த டப்பாவுக்குப் போனது. எடுத்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த கணத்தில், கல்யாணமான நாளிலிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்த எல்லாப் பணமும் இப்படித்தான் போனது என்பது நினைவுக்கு வந்து, டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலையே போய் நடப்பதற்கான ஷூ வாங்கினேன். அதுவரை ரப்பர் செருப்போடு நடந்து குதிகால் வலியில் தவித்தவள், ஒரு வாரத்தில் வலி குறைந்து நான்காவது சுற்றும் நடந்தேன். அதனால்தான் உன் மகள் சொல்லும் மோதிரத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. அது பீரோவுக்குள் போய்விடும், ஷூ மறுநாள் காலையில் உன்னை வாசலுக்கு அழைக்கும்.

இரண்டாவது ஆயிரத்தில் ரவிக்கைகளைச் சரிசெய்தேன். புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையற்காரரிடம் பதினோரு ரவிக்கைகளைக் கொண்டுபோனேன். அவர் முதல் ரவிக்கையை உட்புறம் திருப்பி என் முன்னால் விரித்தார். பக்கவாட்டில் மூன்று தையல் ஓடிய தடம் தெரிந்தது. ஒவ்வொரு முறை நான் பெருத்தபோதும் ஒரு தையலைப் பிரித்துவிட்ட தடம் அது. பிரித்த இடத்தில் நூல் துளைகள் வரிசையாக இருந்தன, மடிப்புக்குள் வெளுக்காமல் இருந்த துணி புதுத் துணிபோல் கரும்பச்சையாக இருந்தது. அவர் சாக்கட்டியால் பழைய முதல் தடத்தின் மேலேயே கோடு போட்டுவிட்டு, "உள்துணியை வெட்டிடவாம்மா, விட்டுப் பிடிக்கவா?" என்று கேட்டார். வெட்டச் சொல்லிவிட்டால் திரும்பிப் போக வழியில்லாமல் போகும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இத்தனை ஆண்டுகள் என்னோடு சேர்ந்து விரிந்து கொடுத்த துணி அது, அதன்மேல் எனக்கு என்ன கோபம் என்று எண்ணி, விட்டே பிடிக்கச் சொன்னேன். அந்தக் கரும்பச்சை ரவிக்கையை அணிந்து கண்ணாடி முன் நின்றபோது கிடைத்த நிறைவு அல்வாவின் இனிப்பைவிட நெடுநாள் நின்றது.

பெரிய பரிசைக் கடைசியாகச் சொல்கிறேன். 1989இல் நீயும் நானும் பழனி மலையில் நிற்காமல் ஏறி, மேலே போய் மூச்சு வாங்கச் சிரித்தோமே, நினைவிருக்கிறதா? பத்து ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போனபோது முழங்கால் வலியால் விஞ்ச் என்ற இழுவை ரயிலில் ஏறிப் போனேன், சன்னதியில் நின்றபோதும் மனம் கீழே படிக்கட்டிலேயே இருந்தது. சென்ற ஆண்டு தைப்பூசக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை விடியுமுன், கல் சூடேறும் முன்பாக, வெறுங்காலோடு அந்த 693 படிகளையும் ஏறினேன். நான்கு இடங்களில் உட்கார்ந்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று படித்திருந்தேன். பத்து கிலோவுக்கு நாற்பது என்றால், 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரையைத் தூக்கிக்கொண்டு இத்தனை காலம் படியேறி இருக்கிறேன் என்று கணக்குப் போட்டபடியே ஏறியதில் கடைசி நூறு படி தெரியவில்லை. மேலே உள்ளங்கையில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். மலைவாழைப்பழமும் நெய்யும் வெல்லமும் கலந்த அந்த இனிப்பை எந்தக் கணக்கும் பார்க்காமல் நக்கிச் சாப்பிட்டேன். அடுத்த நாள் காலை தெப்பக்குளத்தில்தான் இருந்தேன். இன்று என் எடை 68.

உன் மைசூர்பாவுக்கு வருகிறேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தானே இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து, தீபாவளிப் பலகாரமாக அதைச் சாப்பிடு. நாள் வந்தது, சாப்பிட்டோம் என்று இருக்கட்டும். எட்டு மாத உழைப்புக்குக் கூலியாக அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், அதற்கு அவ்வளவு பெரிய இடம் கொடுக்காதே. மறுநாள் காலை எடை பார்க்காமல் நடக்கப் போ.

இன்னொன்று, நீ இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாய். எடை குறைந்தால் மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டாய், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டு, நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே.

கந்த சஷ்டிக் கூட்டம் வடிந்த பிறகு, கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கும் முன் ஒரு வார நாளில் நீ கோவையிலிருந்து வா, நான் மதுரையிலிருந்து வருகிறேன். முந்தின நாள் இரவே அடிவாரத்தில் அறை எடுத்துத் தங்குவோம். படி கடினமாக இருந்தால் சரிவாகப் போகும் யானைப்பாதையில் ஏறலாம், அவசரம் ஒன்றும் இல்லை. இறங்கி வந்ததும் உனக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்லூரி நாட்களில் உனக்கு 2.4 அளவு சரியாக இருந்தது. போன முறை வந்தபோது 2.8 கூடச் சோப்பு போட்டால்தான் ஏறியது என்று சொல்லி வாங்காமலே திரும்பினாய். இப்போது எந்த அளவு சேர்கிறது என்று போட்டுப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்புத் தோழி